குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியும்போது கல்லீரலையும் மறவாதீர்கள்

வெளிநாட்டில் குடியேறுபவர்கள் முதலில் செய்ய வேண்டியவை பற்றிய இந்த இழையில் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் ஏற்கெனவே விரிவாகப் பேசப்பட்டுவிட்டதால், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய நாட்டில் குடும்ப மருத்துவரிடம் முதன்முறை பெயர் பதியும்போதே, கல்லீரலைத் தாக்கி நாளடைவில் அதில் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய வைரஸ் தொற்றுகளான ஹெபடைடிஸ் பி, சி ஆகிய இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யும்படி நீங்களாகவே கேளுங்கள். கல்லீரல் புற்றுநோய் அரிதாக உள்ள நாட்டில் பயின்ற மருத்துவருக்கு, எதிரே அமர்ந்திருப்பவர் எங்கே பிறந்தார் என்று விசாரிக்கப் பல நேரங்களில் தோன்றுவதில்லை.

2022இல் உலகில் சுமார் 8,66,000 பேருக்கு இப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 7,58,000 பேர். இவ்விரு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதிலிருந்தே நோய் எத்தனை தாமதமாகப் பிடிபடுகிறது என்பது விளங்கும். மங்கோலியாவில் இதன் விகிதம் உலகிலேயே மிக அதிகம். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் அதிகம். வட ஐரோப்பாவில் குறைவு. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் பி வைரஸைச் சேரும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாட்பட்ட தொற்றாக நிலைத்துவிடுகிறது, ஆனால் பெரியவர்களில் அப்படி நிலைப்பது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஆகவே ஒருவர் எங்கே, எந்த ஆண்டில் பிறந்தார், பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி கிடைத்ததா என்பவையே அவருடைய நாற்பது, ஐம்பது வயதின் அபாயத்தைப் பெரிதும் முடிவுசெய்கின்றன. 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கிய தைவானில், பின்னாளில் சிறுவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது. ஈரம் உலராமல் சேமிக்கப்படும் மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இந்த வைரஸுடன் சேரும்போது அபாயம் பல மடங்காகிறது; நல்ல தானியத்தைத் தேர்ந்து வாங்க வழியில்லாத ஏழைக் குடும்பங்களே அதை அதிகம் உண்கின்றன.

எகிப்தின் கதை இன்னும் வேதனையானது. நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிப்பதற்காக 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அரசே ஊர் ஊராக ஊசி போட்டது; சரிவரக் கிருமிநீக்கம் செய்யாத ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் சி இலட்சக்கணக்கானோருக்குப் பரவியது. அதே நாடுதான் 2018இல் தொடங்கிய இயக்கத்தில் ஏழு மாதங்களுக்குள் ஏறக்குறைய 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, ஹெபடைடிஸ் சியைக் குணப்படுத்தும், உள்நாட்டிலேயே தயாரித்த மாத்திரைகளை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அமெரிக்காவில் 2013இன் இறுதியில் இத்தகைய மாத்திரை ஒன்று அறிமுகமானபோது பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்டது என்பதை இதனருகில் வைத்துப் பாருங்கள்.

செல்வ நாட்டுக்கு வந்துவிட்டதால் அபாயம் நீங்கிவிடாது. அமெரிக்காவில், ஆசியாவில் பிறந்து குடியேறியவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் அதிகமாகவும், அங்கேயே பிறந்த ஆசிய வம்சாவளியினரிடம் குறைவாகவும் காணப்படுகிறது. செல்வ நாட்டுக்குள்ளும் வறுமை தன் வேலையைச் செய்கிறது: இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய பகுதிகளில் வாழ்வோரிடம் இந்நோய் அதிகம். காப்பீடு இல்லாதவரும், விடுப்பெடுத்தால் அன்றைய கூலியை இழப்பவரும், மொழி தெரியாமல் தயங்குபவரும் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் கட்டி முற்றியிருக்கும்.

"நான் மது தொடுவதே இல்லை, காமாலையும் வந்ததில்லை" என்று சிலர் பதில் எழுதக்கூடும். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கும். கல்லீரல் சுருங்கி இறுகுவதற்கு முன்பேகூட அதில் புற்றுநோய் தோன்றலாம் என்பதால், வழக்கமான கல்லீரல் இரத்தப் பரிசோதனை இயல்பாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இப்போது தொற்று இருக்கிறதா, எதிர்ப்பாற்றல் இருக்கிறதா, முன்பு எப்போதாவது தொற்றியதா என்ற மூன்றையும் காட்டும் பரிசோதனையைக் கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் சி இருந்தால் இன்றைய மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. ஹெபடைடிஸ் பி முற்றிலும் நீங்குவது அரிதென்றாலும், அதை அடக்கிவைக்கும் மாத்திரைகள் புற்றுநோய் அபாயத்தையும் குறைக்கின்றன. கொழுப்புக் கல்லீரலும் நீரிழிவும் இப்போது தனிக் காரணங்களாக வளர்ந்துவருகின்றன. ஆசியர்களுக்கு, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை. மருத்துவமனைச் சுவரில் தொங்கும் 25 என்ற எல்லையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

தொற்று உறுதியானால் துணைவரையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆசியாவில் பிறந்து நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள ஆண்கள் 40 வயதிலிருந்தும் பெண்கள் 50 வயதிலிருந்தும், குடும்பத்தில் இப்புற்றுநோய் வந்திருந்தால் அதற்கு முன்பிருந்தே, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துகொள்வது அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்களின் பரிந்துரை. வேலைக்காக ஊர் மாறும்போதுதான் இந்த ஆறு மாதக் கணக்கு தவறிப்போகிறது. அறிக்கைகளின் பிரதியையும் அடுத்த ஸ்கேனுக்கான தேதியையும் கையோடு எடுத்துச் சென்று புதிய மருத்துவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.