ஒரு ஸ்கின்னுக்கு 412 வெள்ளி போயிருச்சு, எனக்கு மட்டும்தான் இப்படியா?

தீம்பாங்_பையன் (கேள்வி)

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா சும்மா படிச்சிக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்கு எழுதியே ஆகணும், வயிறு எரியுது.

நான் பத்தாங் பெர்ஜுந்தை. போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி வருஷக்கணக்கு ஆச்சு, ஆனா எங்க வீட்டுல இன்னும் யாரும் அப்படி சொல்றதில்ல. செம்பனை ஆலைல தீம்பாங்ல, அதான் எடை மேடையில, வேலை. குலை ஏத்திக்கிட்டு லாரி வரும், நிறுத்து சீட்டு குடுக்கணும், அவ்ளோதான். ராத்திரி ஷிப்ட்ல ரெண்டு லாரிக்கு நடுவுல அரை மணி முக்கா மணின்னு சும்மா கெடக்கும், அப்பதான் கேம். பேரு வேணாம், அஞ்சு பேரும் அஞ்சு பேரும் அடிச்சிக்கிற வகை, டவுன்லோட் பண்ண காசே இல்ல, அதனாலதான ஆரம்பிச்சேன்.

போன வாரம் ஒரு சக்கரம் விட்டான். நான் ரெண்டு வருஷமா ஆடுற ஹீரோவுக்கு ஸ்கின், அதான் உடுப்பு, பறக்குறப்ப நெருப்பு வருது, ரீகால் பண்றப்ப சத்தமே வேற. நேரா இவ்ளோ விலைன்னு போட்டு வித்தா நான் பாத்துட்டு போயிருப்பேன். விலையே கெடையாது லா, சக்கரம் சுத்தணும். முதல் சுத்து மலிவு. அடுத்தது 50 டைமண்ட், அதான் கேமுக்குள்ள செல்லுற காசு. சின்ன பேக் வாங்குனா 86 வருது, 50 போக 36 மிச்சம், இன்னும் 14 இருந்தா இன்னொரு சுத்து ஆச்சேன்னு திரும்ப ஒரு பேக், திரும்ப மிச்சம், திரும்ப குறையுது. அந்த முள்ளு இருக்கே, மெல்ல மெல்ல வந்து தங்க கட்டத்துக்கு பக்கத்து கட்டத்துல போய் நிக்கும். நானும் அரிசி மூட்டைய இழுக்குற மாதிரி போன சாய்ச்சி சாய்ச்சி பாக்குறேன், அது எங்க நகரும்.

கடைசியில கெடைச்சிச்சு. அப்புறம் ஈமெயில் தெறந்து பாத்தா 19 ரசீது. கூட்டிப் பாத்தேன், 412 வெள்ளி 60 காசு. சத்தியமா 150க்கு மேல போயிருக்காதுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

இதுல வயித்தெரிச்சல் என்னான்னா, ஸ்கின் வந்து மூணு மேட்ச் ஆச்சு, மூணுலயும் எதிராளி என் ஹீரோவ பேன் பண்ணிட்டான், அதாவது அந்த மேட்ச்சுல யாரும் எடுக்க முடியாம தடுத்துட்டான். இன்னும் ஒரு தடவ கூட போட்டு ஆடல.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, இதெல்லாம் ஏன் வெள்ளியில விலை போட மாட்றானுங்க? ரெண்டு, காசு திரும்ப வாங்க ஏதாச்சும் வழி இருக்கா?

---

மிலோ_ஐஸ்_கட்டி

மச்சான் மூணு மேட்ச் பேன் கத கேட்டு மாமாக் கடையில தனியா சிரிச்சி பக்கத்து மேசக்காரன் ஒரு மாதிரி பாக்குறான்.

ஆனா நெசமா கேக்குறேன், யாரு உன் கையப் புடிச்சி வாங்க சொன்னா? ஸ்கின் போட்டா அடி கூடுமா, ரத்தம் கூடுமா, ஒண்ணும் இல்ல. நான் நாலு வருஷமா ஒரு காசு போடல, அதே மேப்தான், அதே ஹீரோதான், உன்ன மாதிரி ஆளுங்க போடுற காசுலதான் சர்வர் ஓடுது, அதுக்கு நன்றி. பழைய மாதிரி சிடிய 150 வெள்ளி குடுத்து வாங்கிட்டு அப்புறம் ஆடுன்னு சொன்னா நம்ம தாமான் பசங்கள்ல எத்தன பேரு கேம் ஆடியிருப்பான்?

---

ரீலோட்_அக்கா

தம்பி மிலோ, நீ சொல்றது பாதி சரி. மீதிய என் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்தா தெரியும்.

நான் சின்ன டவுன்ல போன் கடை வச்சிருக்கேன், கவர், சார்ஜர், ரீலோட், கேம் டாப்பப் எல்லாம். மாசத்துல முதல் வாரம் ஒரு கூட்டம் வரும், சம்பளம் போட்ட உடனே. தீபாவளி முடிஞ்ச மறுநாள் இன்னொரு கூட்டம் வரும், அது பொடிசுங்க, கையில ஆங் பாவ் கவரு அப்படியே இருக்கும், கடையிலேயே நின்னு கிழிச்சி எண்ணுவானுங்க, அஞ்சு வெள்ளி நோட்டா 40 வெள்ளி. "அக்கா எல்லாத்துக்கும் டைமண்ட்." வேணான்னு சொன்னா எதுத்தாப்ல கடைக்கு போவான், அதனால 20க்கு மட்டும் போட்டுட்டு மீதிய கையில குடுத்து அம்மாகிட்ட குடு போடான்னு அனுப்புவேன். சாயங்காலம் அதே 20ஐ எடுத்துக்கிட்டு திரும்ப வருவான்.

ஒரு பையன் சொன்னான், ஏன்டா இந்த உடுப்பு இவ்ளோ அவசரம்னு நான் கேட்டதுக்கு, "சாதா ஸ்கின்ல உள்ள போனா லாபியிலேயே நூப்னு, கத்துக்குட்டின்னு சொல்லி வேற ரோல் எடுக்க சொல்றாங்கக்கா". அடி கூடாது ரத்தம் கூடாதுன்னு சொல்றியே, பதிமூணு வயசு புள்ளைக்கு அது எங்க தெரியுது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ள சப்பாத்து பழசா போட்டுட்டு போனா கேலி பண்ணுவாங்கள்ல, அதேதான்.

தீம்பாங் தம்பி, ரீஃபண்டுக்கு: கூகள் பிளேல வாங்கியிருந்தா 48 மணி நேரத்துக்குள்ள இருக்குறத முதல்ல அங்கேயே கேளு. அது தாண்டிட்டா கேம்காரங்களுக்குத்தான் எழுதணும். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா எழுது. அப்புறம் செட்டிங்ல போய் ஒவ்வொரு தடவ வாங்குறப்பவும் பாஸ்வேர்ட் கேக்குற மாதிரி வையி, வெரல் வச்சா போதும்னு விடாத. வெரலு மூளைய விட வேகமா ஓடும்.

---

ராவாங்_ரேங்க்

முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன், கொஞ்சம் நீளம், தே ஓ ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க.

வெள்ளியில போடாததே அவங்க தொழிலு. 412னு ஒரே எண்ணா காட்டுனா நீ வாங்க மாட்ட, நீயே சொல்லிட்ட. காசு டைமண்டா மாறுன உடனே அது காசுன்னு தோணாது. அதுலயும் பேக் அளவும் சுத்து விலையும் ஒண்ணுக்கொண்ணு சரியா வகுபடாத மாதிரி வைக்கிறது தற்செயல் இல்ல. அந்த 36 மிச்சம் இருக்கே, அதுதான் தூண்டில். இதப் பத்தி ஐரோப்பாவுல 2025 மார்ச்ல ஐரோப்பிய ஆணையமும் அங்குள்ள நுகர்வோர் அதிகாரிகளும் சேந்து சொன்னதே இதுதான், கேமுக்குள்ள காட்டுற விலைக்கு பக்கத்துல நெசக் காசுல எவ்ளோன்னு போடு, தேவைக்கு மேல டைமண்ட் வாங்க வைக்காதேன்னு. நம்ம பக்கம் நான் போடுறதுல அந்த மாதிரி ஒரு வரி கூட பாக்கல, ஆனா வரி மட்டும் சரியா வருது, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 2020ல 6 சதவீதம் ஆரம்பிச்சது, 2024 மார்ச்லேந்து 8 சதவீதம்.

சக்கரம் பக்கத்து கட்டத்துல நின்னுச்சுன்னு சொன்னில்ல. நீ பட்டன அமுக்குன அந்த நொடியிலேயே சர்வர்ல முடிவு ஆயிரும், அப்புறம் முள்ளு சுத்துறதெல்லாம் படம் காட்டுறது. போன சாய்ச்சதுக்கு அது பாவம் என்னா பண்ணும்.

கணக்கு தெரியுற கேம்ல கணக்கு போட்டுப் பாரு. கென்ஷின் இம்பேக்ட்ல குலுக்கல் மாதிரி இழுத்தா அஞ்சு நட்சத்திர ஆளு விழ 0.6 சதவீதம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. 90வது இழுப்புல கண்டிப்பா ஒண்ணு வரும், ஆனா நீ கேட்ட ஆளா இல்லாம போகலாம், போச்சுன்னா இன்னொரு 90 வரைக்கும். ஒரு இழுப்பு 160 பிரிமோஜெம், அதான் அந்த கேமோட டைமண்ட், ஆக ரொம்ப மோசமா போனா 28,800. இத யாராச்சும் கடையில வெளியில எழுதி ஒட்டுவானா?

விலை ஏறுன கத தனி. 2006ல ஒப்லிவியன் கேமுல குதிரைக்கு கவசம்னு ரெண்டரை டாலருக்கு வித்தாங்க, ஊரே சிரிச்சுச்சு, குதிரைக்கு சட்டையான்னு. 2020ல வெலோரண்ட்ல எல்டர்ஃப்ளேம் தொகுப்பு 9,900 விபி, அதுவும் கேம் காசுதான், கிட்டத்தட்ட 100 டாலரு, துப்பாக்கிக்கு டிராகன் மூஞ்சி. 2024ல லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்ல ஃபேக்கர்ங்கிற கொரிய ஆட்டக்காரர் பேருல ஆரிங்கிற ஹீரோவுக்கு ஸ்கின் விட்டாங்க, பெரிய தொகுப்பு 59,260 ஆர்பி, டாலர்லயே 400க்கு மேல. கோவத்துல ஆளுங்க மேட்ச்சுக்கு மேட்ச் ஆரிய பேன் பண்ணாங்க. தீம்பாங், உன் ஹீரோவுக்கும் அதுதான் நடக்குதோ என்னமோ.

சட்டம் புடிச்ச எடமும் இருக்கு. ஜப்பான்ல 2012லயே, சீட்டு இழுத்து முழு செட் சேத்தாத்தான் பெரிய பரிசுன்னு வச்ச வகைய நிறுத்த வச்சாங்க. தென் கொரியாவுல 2024 மார்ச்லேந்து எது விழ எத்தன சதவீதம் வாய்ப்புன்னு வெளிய போட்டே ஆகணும். அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல நுகர்வோர பாத்துக்குற அரசாங்க அமைப்பு எஃப்டிசி, ஃபோர்ட்நைட் கம்பெனிய மடக்குனது ஞாபகம் இருக்கா, ஆளுங்களுக்கு திருப்பிக் குடுக்க மட்டும் 24.5 கோடி டாலரு. பட்டன்கள குழப்பமா வச்சி, சாமான சும்மா பாக்கப் போனாக்கூட வாங்குனதா ஆயிருதுன்னுதான் குற்றச்சாட்டே.

மிலோ, நீ ஒரு காசு போடலன்னு பெருமைப்படாத. சாதா சட்டையோட எதிர்ல நிக்க ஆளு இல்லன்னா நெருப்பு றெக்க போட்டவன யாரு பாக்குறது? நீயும் வேலைக்குத்தான் இருக்க, சம்பளம் இல்லாம.

---

மிலோ_ஐஸ்_கட்டி

டேய் என்னடா இது, ரோட்டி சானாய் திங்க வந்தவன பிடிச்சி கூலி இல்லாத வேலக்காரன் ஆக்கிட்ட.

சரி ஒத்துக்குறேன், சக்கரம் ஏமாத்து வேல. ஆனா நேரடி விலைக்கு விக்கிற ஸ்கின்ன ஒருத்தன் 80 வெள்ளி குடுத்து வாங்குறான்னா அது அவன் இஷ்டம், ஒரு படத்துக்கு போய் பாப்கார்ன் வாங்குனாலே 50 ஆகுது, இவன் ஒரு வருஷம் போட்டு ஆடுறான்.

---

பழைய_கிராணி_வீடு

பேரன் போன்லேந்து எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும். டைமண்ட் கணக்கு படிச்சதும் எனக்கு எங்கப்பா காலத்து தோட்டக் கடை ஞாபகம் வந்துச்சு, அதான்.

அப்போ நாங்க பால்மரத் தோட்டம், லயத்துல இருந்தோம். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெ எல்லாம் கடையில எழுதி வாங்குறதுதான், கையில காசு புழங்காது. நீல அட்ட போட்ட சின்ன புத்தகம், அம்மா என்ன அனுப்புவாங்க, கடக்காரர் எழுதுவாரு, நான் விலை கேட்டதே இல்ல, கேக்கணும்னும் தோணுனதில்ல. ஒரு தடவ அம்மா சொல்லாம ஒரு பாக்கெட் கலர் பென்சில் வாங்கிட்டேன், அதையும் எழுதிக்கிட்டாரு, சிரிச்சிக்கிட்டே. சம்பள நாளு ராத்திரி விளக்குப் பக்கத்துல எங்கப்பா புத்தகத்த வச்சிக்கிட்டு வெரல வரி வரியா எறக்கி வருவாரு பாருங்க, பென்சில் இருந்த வரியில வந்து வெரலு நின்னுச்சு. அடிக்கல. "இது என்னா?"ன்னு மட்டும் கேட்டாரு.

இந்தத் தம்பி 19 ரசீது எண்ணுனத படிச்சப்ப அந்த வெரலுதான் தெரிஞ்சுது. அந்தப் பென்சிலாச்சும் வீட்டுல ரெண்டு வருஷம் இருந்துச்சு. இந்த உடுப்பு நாளைக்கு கேம மூடிட்டா எங்க இருக்கும்னு பேரன கேட்டேன், பதில் சொல்லாம போன புடுங்கப் பாக்குறான்.

---

ராவாங்_ரேங்க்

ஐயா, நீங்க கேட்டதுக்கு பதில்: எங்கயும் இருக்காது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் மொபைல்னு ஒண்ணு, 2022 மே மாசம் வந்துச்சு, 2023 மே மாசம் மூடிட்டாங்க, ஒரு வருஷம் கூட முழுசா ஓடல. என்கிட்ட அதுல ரெண்டு ஸ்கின் இருந்துச்சு, இப்போ ஸ்கிரீன்ஷாட் இருக்கு. எல்லாரும் அப்படின்னும் இல்ல, பேரகன் கேம 2018ல மூடுனப்ப எபிக் போட்ட காச எல்லாருக்கும் திருப்பிக் குடுத்தாங்க. ஆமா, மேல எஃப்டிசி மடக்குனதா சொன்னேனே, அதே எபிக்தான், எனக்கும் இத எப்படி சேத்து யோசிக்கிறதுன்னு புரியல.

---

ரீலோட்_அக்கா

ஐயா கலர் பென்சில் வரிய ரெண்டு தடவ படிச்சேன். நாளையிலேந்து பொடிசுங்களுக்கு டாப்பப் போட்டா வெள்ளி எவ்ளோன்னு பேனாவுல பெருசா ஒரு சீட்டு எழுதி கையில குடுக்கலாம்னு இருக்கேன். எதுத்த கடைக்கு போனா போகட்டும்.

---

தீம்பாங்_பையன்

எல்லாருக்கும் நன்றி, மிலோவுக்கும்தான்.

அப்டேட்: 48 மணி நேரத்துக்குள்ள இருந்தது அஞ்சு ரசீது, அஞ்சுக்கும் கேட்டேன், ரெண்டு திரும்ப வந்துச்சு, 14 வெள்ளி 80 காசு. கேம்காரங்களுக்கு எழுதுனதுக்கு "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு ரோபோட் பதிலு, கூடவே 20 டைமண்ட் இனாம். 20 டைமண்ட்! ஒரு சுத்துக்கு இன்னும் 30 குறையுது, புரியுதா?

பாஸ்வேர்ட் வச்சிட்டேன், அதுவும் எனக்கே ஞாபகம் இல்லாத மாதிரி ஒண்ணு, தங்கச்சி எழுதி வச்சிருக்கா, கேட்டா குடுக்க மாட்டா. நம்ம நாட்டு குறைஞ்சபட்ச சம்பளம் 1,700ஐ 26 நாளா வகுத்துப் பாத்தேன், நாளைக்கு 65 வெள்ளி சொச்சம், ஆக ஆறு நாளுக்கு மேல ராத்திரி முழிச்சி லாரி நிறுத்துருக்கேன் அந்த றெக்கைக்கு.

நேத்து ராத்திரிதான் முதல் தடவையா என் ஹீரோவ யாரும் பேன் பண்ணல. எடுத்தேன், ஸ்கின் போட்டேன், லோடிங் ஸ்கிரீன்ல றெக்க விரிஞ்சி நிக்கிது, கூட ஆடுறவன் ஒருத்தன் "வாவ்"னு கூட அடிச்சான். 94 சதவீதம் லோட் ஆச்சு. வெளியில லாரி ஹார்ன் அடிச்சிட்டான்.