வட்டார முடிவுகளை வரைபடத்தில் ஏற்ற: மட்டக்களப்பு கடலுக்குள்ள போகுது

வாவிக்கரை:
2018, 2025 உள்ளூராட்சி முடிவுகளை வட்டார வாரியா வரைபடமாக்கி, எல்லை மீள்நிர்ணயம் பற்றிப் பேசும்போது சனம் தாங்களே பார்க்கிற மாதிரி வைக்கவேணும். கிராம சேவகர் பிரிவுகளின் எல்லைக் கோப்பு இருக்கு, வட்டார எல்லைக் கோப்பு இல்லை. கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில போட்டா மட்டக்களப்பு மாவட்டம் இந்து சமுத்திரத்தில நிக்குது. என்ன பிழை?

படிகோடு:
கோப்பு பழைய கண்டவல (Kandawala) ஆள்கூற்று வலையில (EPSG குறியீடு 5234) இருக்கு, மென்பொருள் அதைப் புதிய எஸ்எல்டி99 வலை (5235) என்று வாசிக்குது. முன்னதில தொடக்கப் புள்ளிக்குக் கொடுத்த எண் இரண்டு திசையிலும் 200000 மீற்றர், பின்னதில 500000. அதனால தெற்கே 300, மேற்கே 300 கிலோமீற்றர் தள்ளிப்போகும். முதல்ல படலத்துக்கு (layer) 5234 என்று குறியுங்கோ, மறுகா 5235க்கு மாற்றிச் சேமியுங்கோ. முதல் படியை விட்டா பிழையும் சேர்ந்தே மாறும்.

வட்டாரத்துக்கு எந்தெந்தப் பிரிவு என்பது வர்த்தமானியில இருக்கு. மன்றம் (மாநகர, நகர அல்லது பிரதேச சபை), வட்டார எண், கிராம சேவகர் பிரிவுக் குறியீடு என்று மூன்று நிரலாக அடியுங்கோ. பெயரை வைத்து இணைக்கவேண்டாம், எழுத்துக்கூட்டல் கோப்புக்குக் கோப்பு மாறும். எக்செல் குறியீட்டின் முன் சுழியத்தை விழுங்கும், நிரலை முதலே எழுத்து வகையாக்குங்கோ. பிரிவுகளை ஒட்டி வட்டாரமாக்கிற டிசால்வ் (Dissolve) பண்ணும்போது வட்டார எண்ணை மட்டும் கொடுத்தா மாவட்டத்தின் 12 மன்றங்களின் 1ஆம் வட்டாரமும் ஒன்றாகிப்போகும். மன்றத்தையும் எண்ணையும் சேர்த்து ஒரு குறியீடு வையுங்கோ. பிரிவொன்று இரண்டு வட்டாரத்துக்குள் பிரிந்திருந்தா எல்லை விபரத்தைப் பார்த்துக் கையால வெட்டத்தான் வேணும்.

எருவில்காரி:
வென்ற கட்சியின் நிறத்தை மட்டும் பூசினா படம் பொய் சொல்லும். வாகரை, வவுணதீவுப் பக்கம் பரப்பு பெரிசு, காத்தான்குடி வட்டாரம் கையளவு. வாவி நீரையும் வெட்டி எடுங்கோ.

எல்லை பற்றிப் பேச உதவுற எண் வேறு: பதிவான வாக்காளரை அந்த வட்டாரத்தின் உறுப்பினர் தொகையால வகுத்து, மன்றச் சராசரியிலிருந்து எத்தனை வீதம் விலகுது என்று போடுங்கோ. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைத் தெரிகிற பல அங்கத்தவர் வட்டாரத்தை மறந்து 1ஆல வகுத்தா, ஓர் உறுப்பினருக்கான வாக்காளர் தொகை பல மடங்காத் தெரியும். ஆசனங்களில 60 வீதம் வட்டாரத்தால, 40 வீதம் விகிதாசாரத்தால என்பதால மன்றத்தின் மொத்த ஆசனங்களைப் பக்கத்தில அட்டவணையாக் கொடுங்கோ. வட்டார வாக்கைப் பிரிவுகளுக்குப் பங்கிட்டுக் காட்டாதீங்கோ, அது ஊகம்.

பக்கத்து அம்பாறை மாவட்டத்தையும் சேர்த்தா அங்க கல்முனை மாநகர சபையை வெறுமையா விடுங்கோ. அங்க 2025இல தேர்தல் நடக்கல்ல. பூச்சியம் போட்டா ஒருவரும் வாக்களிக்கல்ல என்று அர்த்தமாகிடும்.

வாவிக்கரை:
நன்றி. டிசால்வ் சரியா என்று எப்படிப் பார்க்க?

படிகோடு:
மன்றத்துக்கு மன்றம் வட்டாரத் தொகையை வர்த்தமானியோட ஒப்பிடுங்கோ. பிறகு வட்டார வாக்காளர் கூட்டுத்தொகை முடிவுத்தாளின் மொத்தத்தோட ஒக்கவேணும். ஒக்காட்டி, இணையாமல் விடுபட்ட பிரிவைத் தேடுங்கோ. பிரிவுப் பட்டியலையும் படத்தோட பதிவேற்றுங்கோ, இல்லாட்டி வேற ஒருத்தரும் சரிபார்க்கேலாது.