சைபர் கிரைம் புகாரை நம்ம ஏரியா ஸ்டேஷனே விசாரிக்கலாமா?

மணிக்கூண்டு:
வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று இந்தப் பக்கம் யாருக்கு யுபிஐ-யில் பணம் போனாலும் முதலில் ஓடுவது பக்கத்து ஸ்டேஷனுக்குத்தான். அங்கே ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "1930-க்குப் போன் பண்ணுங்க, இல்லன்னா சைபர் கிரைம் போங்க" என்பார். 1930 என்பது சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். வடக்கு மண்டலம் முழுமைக்கும் ஒரு சைபர் கிரைம் பிரிவு. அதற்கு மேலே வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவு. மீன் வித்த காசைத் தொலைத்த ஒரு ஆயா எத்தனை படி ஏறுவார்?
ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 78-வது பிரிவுப்படி இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கலாம். முன்பு டிஎஸ்பி வேண்டும் என்று இருந்தது. 2008 திருத்தத்தில் இறக்கிவிட்டார்கள். எல்லா ஸ்டேஷனிலும் இன்ஸ்பெக்டர் இருக்கிறார். அங்கேயே வழக்குப் போட்டு அங்கேயே விசாரிக்கட்டும் என்கிறேன். யாருக்கு ஆட்சேபம்?

ஹேஷ்வேல்யூ:
எனக்கு. இன்ஸ்பெக்டர் இருக்கிறார், சரி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? திருவிழா, ஊர்வலம், அமைச்சர் வருகை, பந்தோபஸ்து. நடுவில் இதையும் பார் என்றால் ஃபைல் அலமாரிக்குத்தான் போகும்.
போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்டவன் ஒருவன். அங்கிருந்து நிமிடங்களில் ஏழெட்டுக் கணக்காகப் பிரியும். ஒரு பகுதி வேறு மாநில ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வரும், மிச்சம் கிரிப்டோவாகி நாட்டை விட்டே போய்விடும். ஒவ்வொரு வங்கிக்கும் தனி நோட்டீஸ். ஏடிஎம் கேமரா பதிவு அழிவதற்குள் வாங்க வேண்டும். சிம் யார் பெயரில், எந்த போனில் ஓடியது என்று டெலிகாம் கம்பெனியிடம் கேட்க வேண்டும். கைப்பற்றிய போனைச் சும்மா நோண்டினால் வழக்கே போச்சு. மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு அனுப்பி, பாரதிய சாட்சிய அதினியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், 63-வது பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் எண்ணோடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) கொடுக்க வேண்டும். இதை மாதம் ஒரு தடவை செய்கிறவருக்குக் கை பழகாது.
இன்னொன்று. ஐடி சட்டத்தின் ஆரம்பகால தண்டனைகளில் ஒன்று நம்ம எழும்பூர் கோர்ட்டில்தான் வந்தது, 2004 நவம்பரில். ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிய வழக்கு. ஏழு மாதத்துக்குள் தீர்ப்பு. விசாரித்தது சென்னை சைபர் கிரைம் பிரிவு, ஏரியா ஸ்டேஷன் இல்லை.

மணிக்கூண்டு:
எல்லாரும் அந்த 2004 கதையையே எடுத்து வருகிறீர்கள். அந்த ஆளை மும்பை வரை போய்ப் பிடித்தார்கள், பாராட்டலாம். ஆனால் அவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். யாரைத் தேடுவது என்று தெரிந்த வழக்கு அது. முகமே இல்லாத மோசடிக்கு அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

எண்ணூர் அக்கா:
தம்பிகளா, நீங்கள் வடக்கு மண்டலம் என்று பேசுகிறீர்கள். 2022-ல் ஆவடி கமிஷனரேட் வந்ததிலிருந்து எண்ணூரும் மணலியும் அந்தப் பக்கம். திருவொற்றியூர்க்காரருக்கு வேப்பேரி, எங்களுக்கு ஆவடி. ஊர் மட்டும் வடசென்னை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வேலை வாங்கித் தருவதாகப் பணம் பிடுங்கினார்கள். அவள் கடை வைத்திருப்பது ஒரு இடம், வீடு ஒரு இடம். "எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள், சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) கூடத் தரவில்லை. 2024 ஜூலை 1-லிருந்து பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவு இருக்கிறதே? எல்லை எதுவானாலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும், இல்லையா?

பழைய கோட்டு:
வாங்கித்தான் ஆக வேண்டும் மேடம். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமென்றால், எந்த ஸ்டேஷனிலும் சொல்லலாம். ஆன்லைனில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் பதிவு வேறு, விசாரணை வேறு. பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.
நான் மணிக்கூண்டுக்கு எதிர்க்கட்சி. காரணம் வேறு. நான் வக்கீல். எம்.சி. ரோடு பக்கம் துணி வியாபாரம் செய்யும் என் கட்சிக்காரர் ஒருவர். யாரோ புடவை வாங்கி 3,000 ரூபாய் யுபிஐ-யில் போட்டார்கள். அது எங்கோ திருடிய பணமாம். வேறு மாநில சைபர் போலீஸ் மெயில் போட்டது, வங்கி அந்த 3,000-ஐ நிறுத்தாமல் கணக்கையே முடக்கிவிட்டது. தீபாவளி சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பியது. பிஎன்எஸ்எஸ் 106-ன் கீழ் முடக்கினால் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எத்தனை பேர் தெரிவிக்கிறார்கள்? இப்போது இருக்கும் பிரிவுகளே இப்படி என்றால், இந்த மெயில் போடும் வேலையை ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கொடுத்துப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையில் பாதிக் கடை கேஷ் மட்டும் என்று போர்டு மாட்டும்.

மணிக்கூண்டு:
வக்கீல் சார், முடக்கியது ஹேஷ்வேல்யூ வாதப்படி "கை பழகிய" தனிப் பிரிவுதானே? அப்படியென்றால் அது என் பக்கம்தான் சாட்சி.

பழைய கோட்டு:
பழகாத கையிடம் கொடுத்தால் குறையும் என்கிறீர்களா?

ஹேஷ்வேல்யூ:
சண்டை திசை மாறுகிறது. பணம் திரும்புவது விசாரணையால் இல்லை, முதல் சில மணி நேரத்தால். 1930-ல் சொன்னதும் அந்தத் தகவல் வங்கியிலிருந்து வங்கிக்குப் போகிறது, எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே லீன் விழுகிறது, அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்திவைக்கிறது. கூடவே வங்கிக்கும் சொல்ல வேண்டும். 2017 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தாலும், வங்கியிடம் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஸ்டேஷன் இங்கே உதவலாம். அந்த ஆயாவை உட்காரவைத்து, அவர் போனிலிருந்தே 1930-ஐக் கூப்பிட்டு, எஸ்எம்எஸ்-இல் இருக்கும் பரிமாற்ற எண்ணைப் படித்துச் சொல்ல ஒரு கான்ஸ்டபிள் போதும். அதற்கு 78-வது பிரிவெல்லாம் தேவையில்லை.

எண்ணூர் அக்கா:
லீன் விழுந்த பணம் தானாக வந்துவிடுமா?

பழைய கோட்டு:
பெரும்பாலும் வராது மேடம். பிஎன்எஸ்எஸ் 503-ல் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். புகார் எண், வங்கி ஸ்டேட்மென்ட், எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்ற விவரம், மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அந்தப் பெண்ணிடம்.

மணிக்கூண்டு:
ஒரு கான்ஸ்டபிள் போதுமென்றால் அதையாவது கேட்போம். கமிஷனருக்கு மனு எழுதுகிறேன். ஆனால் சின்னத் தொகை வழக்குகளை ஸ்டேஷனே விசாரிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பெரிய தொகைக்காரர்களுக்கு இடையில் 8,000 ரூபாய் போனவரின் ஃபைலை எந்தத் தனிப் பிரிவும் திறக்கப்போவதில்லை.

ஹேஷ்வேல்யூ:
அந்த 8,000-ஐத் திருடியவன் அதே நாளில் நூறு பேரிடம் திருடியிருப்பான். நூறு ஸ்டேஷனில் நூறு துண்டாகக் கிடந்தால் அது ஒரே ஆள் வேலை என்று யாருக்குத் தெரியும்? கான்ஸ்டபிள் வரை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மணிக்கூண்டு:
ரெண்டும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை மனுவை இங்கேயே போடுகிறேன், வேண்டாதவர்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.