சர்க்கரை நோயுள்ள அப்பா ஏழு நாள் உபவாசம் இருக்கலாமா?

வைப்பாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். அண்மையில் ஒரு நண்பர் கொடுத்த இயற்கை மருத்துவக் கையேட்டைப் படித்தபின், தேன் கலந்த எலுமிச்சைச் சாற்றை மட்டும் அருந்தி ஏழு நாள் உபவாசம் இருக்கப் போவதாக உறுதியாகச் சொல்கிறார். மாத்திரைகளும் உடலில் சேரும் கழிவுதான், அவற்றையும் அன்றே நிறுத்திவிடுவேன் என்பது அவருடைய முடிவு. எது போனாலும் மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. "லங்கணம் பரம ஔஷதம்" (பட்டினியே சிறந்த மருந்து) என்றும், பாட்டி ஏகாதசி தவறாமல் இருந்து தொண்ணூறைத் தாண்டினார் என்றும், உபவாசத்துக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்றும் அப்பா வாதிடுகிறார். இடையில் தலைசுற்றலும் நடுக்கமும் வந்தால் கழிவு வெளியேறுகிறது என்று பொருள், பயப்பட வேண்டாம் என்று அந்தக் கையேட்டில் எழுதியிருக்கிறது. எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. விவரம் அறிந்தவர்கள் கூறுங்கள்.

மண்பட்டி:
சகோதரி, நான் இயற்கை மருத்துவமும் யோகாவும் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பாகப் படித்து, அத்துறையிலேயே பணிபுரிபவன். உபவாசத்தை நோயாளிகளுக்குப் பரிந்துரைப்பவன் என்பதால் இதை எதிர்ப்பாளனின் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அப்பா இதை வீட்டில், மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது. அப்பா சொல்வது, அம்மா சொல்வது இரண்டுமே இந்த இடத்தில் ஆபத்தானவை.

அம்மா சொல்வதுபோல மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு உணவை மட்டும் நிறுத்தினால், கிளிமிபிரைடு உணவு வந்ததா வரவில்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும், அந்த இறக்கம் சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். 2001இல் 13 நாடுகளில் ரமலான் நோன்பிருந்த சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்தபோது, இரண்டாம் வகை நோயாளிகளிடம் கடுமையான தாழ்சர்க்கரை நிலை மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு மிகுந்திருந்தது தெரியவந்தது. அது பகலில் மட்டும் உண்ணாமல், மாலையில் நோன்புக் கஞ்சியோடு முடிகிற நோன்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்பா சொல்வதுபோல எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் வேறொரு சிக்கல் உண்டு: அட்டெனோலாலைத் திடீரென்று விட்டால் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறலாம், நெஞ்சுவலிகூட வரலாம். அதை மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

உங்களை உறுத்தும் அந்த வரி என்னையும் உறுத்துகிறது. சர்க்கரை இறங்கும்போது முதலில் தோன்றுபவை வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை. அட்டெனோலால் எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மங்கிப்போகும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மிஞ்சும். அதையும் கழிவு என்று எண்ணி அவர் படுத்துக்கொண்டால், வீட்டில் இருப்பவர்கள் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஏதேனும் நேர்ந்தால், நினைவு தெளிவாக இருக்கும்வரை மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

தேனைப் பற்றியும் ஒரு சொல். ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளுக்கு ஆறு குவளை குடித்தால் நூறு கிராமை எட்டிவிடும். சர்க்கரை நோயாளிக்கு அது உபவாசமே ஆகாது.

துவாதசி அகத்தி:
உங்கள் பாட்டியின் ஏகாதசியை இந்த ஏழு நாள் பட்டினிக்குச் சான்றாக இழுப்பது நியாயமில்லை. ஏகாதசி ஒரு நாள் விரதம். மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று பாரணையோடு முடிந்துவிடும். ஆறு நாள் நீளும் கந்த சஷ்டியிலும் பெரும்பாலோர் பாலும் பழமுமாகவோ ஒருவேளை உணவோடோதான் இருக்கிறார்கள். நோயாளி, கருவுற்றவள், குழந்தை, மிக முதியவர் ஆகியோரை விரதத்துக்கு வற்புறுத்தும் வழக்கம் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்ததில்லை. (பல வீடுகளில் ஏகாதசிப் பலகாரத்தைப் பார்த்தால், அன்றாடச் சாப்பாடே எளிமையானது என்று தோன்றும், அது வேறு கதை.) தாத்தா பாட்டி காலத்து விரதத்தில் நல்ல பகுதி என்று நான் கருதுவது முடிக்கும் முறையைத்தான். வெறும் வயிற்றில் விருந்தை இறக்கக் கூடாது என்பதை அவர்கள் விதியாகவே வைத்திருந்தார்கள்.

வெண்பூசணி:
மேலே எழுதியவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துவதாக எனக்குப் படுகிறது. நான் பல ஆண்டுகளாகச் சாறு உபவாசம் இருந்து வருகிறேன், எந்த மாத்திரையும் எடுத்ததில்லை. ஜெர்மனியில் ஓட்டோ புச்சிங்கர் என்ற மருத்துவர் உபவாசத்தாலேயே தம் மூட்டுநோய் தீர்ந்தது என்று கூறி, அதற்கென மருத்துவமனையே நடத்தினார். ஸ்காட்லாந்தில் ஒருவர் ஓராண்டுக்கு மேல் உண்ணாமல் இருந்து உயிரோடு திரும்பியிருக்கிறார். ஏழு நாளில் என்ன ஆகிவிடும்?

உயிர்வேதியியல் ஆசிரியன்:
"எந்த மாத்திரையும் எடுத்ததில்லை" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நண்பரே. கேள்வி மாத்திரை எடுப்பவரைப் பற்றியது. அந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கஸ் பார்பியெரி. 1965 முதல் 1966 வரை டண்டி நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாள் உண்ணாமல் இருந்தார், 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். ஆனால் அவரைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனைகளோடு கண்காணித்தார்கள், வைட்டமின்களும் பொட்டாசியமும் கொடுத்தார்கள்; தொடங்கும்போது அவருக்கு வயது 27. புச்சிங்கரின் முறையும் நீரோடு நின்றதன்று, காய்கறிச் சாறும் பழச்சாறும் மருத்துவர் கண்காணிப்பும் சேர்ந்தது.

நோபல் பரிசு விஷயத்தையும் தெளிவுபடுத்திவிடலாம். 2016இல் யோஷினோரி ஓசுமி பரிசு பெற்றது, செல் தன் பழைய பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஈஸ்ட் செல்களில் கண்டறிந்ததற்காக. பட்டினி போட்ட ஈஸ்டில் அது நன்றாகத் தெரிந்தது என்பது உண்மை. மனிதர் இத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் இந்த நோய் தீரும் என்று அந்த ஆய்வு கூறவில்லை.

உணவு நின்றதும் உடல் முதலில் ஈரலில் உள்ள ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜனை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையை, செலவழிக்கிறது. அது ஒரு நாளில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் மூன்று கிராம் அளவுக்கு நீர் ஒட்டியிருப்பதால், முதல் சில நாளில் தராசு காட்டும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு நீர்தான். பிறகு கொழுப்பு கரைந்து கீட்டோன்கள் உருவாகின்றன. மூச்சில் வரும் அந்தப் புளித்த பழ வாசனையைத்தான் பலரும் நஞ்சு வெளியேறுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். கொழுப்போடு தசைப் புரதமும் கரைகிறது, 61 வயதில் அதை எளிதாக ஈடுசெய்ய முடியாது. யூரிக் அமிலமும் ஏறும் என்பதால் கௌட் என்னும் மூட்டுநோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

துவாதசிப் பாரணையைப் பற்றி எழுதியவருக்கு ஒரு சேர்க்கை: ஐந்து நாளுக்கு மேல் உணவின்றி இருந்தவர் திடீரென்று சோறும் இனிப்புமாக உண்டால், பெருகும் இன்சுலின் இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் தள்ளிவிடும், இதயத் துடிப்பு தடுமாறும் அளவுக்கு அவை குறையலாம். ஆகவே உபவாசத்தை முடிக்கும் நாளிலும் மருத்துவர் தேவைப்படுகிறார்.

அப்பாவின் உண்மையான விருப்பம் மாத்திரையிலிருந்து விடுபடுவது என்றால், அதற்குச் சான்றுள்ள வழி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, பருமனான, இன்சுலின் எடுக்காதவர்களுக்கு நாளுக்கு 850 கலோரி அளவில் அளந்த உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். முதல் நாளே சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை மருத்துவக் குழுவே நிறுத்தியது. ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினர் மாத்திரையின்றிச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். உங்கள் அப்பாவுக்கு நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. எடை கூடுதலாக இருந்தால் இதைக் கேட்டுப் பார்க்கத் தகுந்த நிலையில்தான் இருக்கிறார்.

வைப்பாற்றங்கரை:
அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேன் கணக்கைக் கேட்டதும் சிரித்துவிட்டார். 46 விழுக்காடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எடை 84 கிலோ, உயரம் 165 செ.மீ. மருத்துவரிடம் போகச் சம்மதித்திருக்கிறார், ஆனால் இயற்கை மருத்துவரிடமா மற்றவரிடமா என்று கேட்கிறார்.

மண்பட்டி:
முதலில் மாத்திரை எழுதிக்கொடுத்தவரிடம் செல்லுங்கள், ஏனெனில் அவற்றைக் குறைக்க வேண்டியவர் அவர்தான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அந்த அறிக்கைகளோடு அரசு மருத்துவமனையின் இயற்கை மருத்துவப் பிரிவுக்குப் போகலாம்; சென்னை வர முடிந்தால் அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இடையில் புதிதாக டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை ஏதேனும் எழுதினால் அதை எங்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு இயல்பாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும்.