புதுப்பிப்பு: ஜாங்கோ செட்டிங்ஸ் எடிட்டரில் கமெண்ட் அழியும் சிக்கல் தீர்ந்தது

முந்தைய பதிவில் சொன்னது இதுதான்: ஜாங்கோவின் (பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவித்தொகுப்பு) செட்டிங்ஸ் கோப்பைப் படிவமாகக் காட்டி, மாற்றியதைத் திரும்ப எழுதும் எடிட்டர் ஒன்று செய்கிறேன், ஆனால் சேமித்ததும் கோப்பிலிருந்த கமெண்ட் (விளக்கக் குறிப்பு) எல்லாம் காணாமல் போகிறது.

காரணம் பிடிபட்டது. பைத்தானோடு வரும், நிரலைப் படித்து மரவடிவில் தரும் ஏஎஸ்டி (ast) தொகுதி கமெண்டையும் இடைவெளியையும் மரத்தில் வைத்துக்கொள்வதே இல்லை, அதனால் அதிலிருந்து திரும்ப எழுதினால் யாரோ யோசித்து எழுதிவைத்த எச்சரிக்கைக் குறிப்புகூட போய்விடும், அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதே வேலையைச் செய்யும் லிப்சிஎஸ்டி (LibCST) என்ற நூலகத்துக்கு மாறினேன். அது ஒவ்வொரு இடைவெளியையும் காப்பாற்றுகிறது; இப்போது மாறிய மதிப்பை மட்டும் தொடுகிறேன், மற்ற வரிகள் அப்படியே இருக்கின்றன.

அப்புறம், செட்டிங்ஸ் என்பது வெறும் தரவு அல்ல, ஓடும் நிரல். கோப்புக்கு வெளியே அமைக்கப்படும் சூழல் மாறியிலிருந்து வரும் மதிப்பையோ நிபந்தனைக்குள் இருப்பதையோ எடிட்டர் மாற்றாது, பார்க்க மட்டும் காட்டும்.

டீபக்கை (பிழை விவரத்தைக் காட்டும் சோதனை நிலை) அணைத்துவிட்டு, அனுமதித்த ஹோஸ்ட் பட்டியலை (தளம் ஏற்கும் முகவரிகள்) காலியாக விட்டால் சர்வரில் 400 பிழைதான் (தவறான கோரிக்கை) வரும் என்பதால், அந்த நிலையில் சேமிக்கும் முன்பே எடிட்டர் எச்சரிக்கிறது. மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துபோகும் இடைநிலை நிரல்கள்) வரிசை தவறினாலும் அப்படித்தான் எச்சரிக்கும், செஷனுக்குப் பிறகுதான் ஆதென்டிகேஷன் (பயனரை அடையாளம் காண்பது) வர வேண்டும்.

மீதி இருப்பது ஒன்று: அடிப்படைக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்குமதி செய்து, சிலவற்றை மட்டும் மேலெழுதும் திட்டங்கள். மாற்றத்தை எந்தக் கோப்பில் எழுதுவது என்று பயனரிடமே கேட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இப்படிப் பிரித்து வைத்திருப்பவர்கள் உங்கள் கோப்பு அமைப்பைச் சொன்னால் சோதித்துப் பார்க்கிறேன்.