ஊரில் மரச்செக்கு போடலாமா? கையில் 4 லட்சம் இருக்கிறது

வேளச்சேரி வாசி:
சொந்த ஊர் வந்தவாசி பக்கம். என் வயதுப் பையன்களில் பாதிப் பேர் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள், மீதிப் பேர் என்னை மாதிரி சென்னையில். ஊரில் மிச்சம் இருப்பது மல்லாட்டையும் (வேர்க்கடலை) அதை விளைவிக்கிற பெரியவர்களும்தான். அதையும் பிடுங்கிக் காய்ந்தும் காயாமலும் வியாபாரிக்கே போட்டுவிடுகிறார்கள், விதைக்கும்போதே அவரிடம் முன்பணம் வாங்கியாயிற்றே. நாங்கள் ஐந்து நண்பர்கள் 4 லட்சம் சேர்த்திருக்கிறோம். ஒரு செக்கு வாங்கி ஊர்ப் பெண்களிடம் ஒப்படைத்தால் நாலு பேருக்காவது வேலை கிடைக்கும் என்று ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செய்யாற்றுக்காரர்:
தம்பி, அவசரப்படாதீர்கள். எங்கள் ஊரில் இதையேதான் செய்தோம். இருந்த பணம் முழுக்க மெஷினுக்கும் ஷெட்டுக்கும் போய்விட்டது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ மல்லாட்டைப் பருப்பு வேண்டும், அதை அறுவடை நேரத்தில், விலை இறங்கியிருக்கும்போதே வாங்கி வைத்தால்தான் கட்டுப்படியாகும். கையில் காசில்லாமல் மாதாமாதம் கடைவிலைக்கு வாங்கி ஆட்டினோம், ஆறு மாதத்தில் நின்றுபோனது. இப்போது அதன் மேல் சாக்கு போர்த்தியிருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 4 லட்சத்தில் பாதிக்கு மேல் சரக்கு வாங்கவே வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக் கணக்கு:
மகளிர் குழுவில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் சொன்ன அந்த முன்பணம்தான் ஆணிவேர், அதை விட்டுவிட்டுச் செக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மல்லாட்டையில் பெரிய செலவே விதைதான், அந்தச் செலவுக்குக் குழு வழியாகக் கடன் கொடுத்தால் விவசாயிக்கு வியாபாரியிடம் கட்டுப்பட வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்து, அந்தச் சரக்கையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம், சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை தருவார்கள், 180 நாள் வரை வைத்திருக்கலாம். விலை ஏறும்போது விற்றுக் கடனை அடைக்கலாம். எங்கள் ஊரில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து முதலில் அந்தப் பெண்களிடம் கேளுங்கள். தர்மபுரியில் 1989-ல் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்தே சேமிப்பும் முடிவும் அவர்கள் கையில் இருந்த குழுக்கள்தான் நிலைத்தன. செக்கு உங்கள் பெயரில் இருந்தால் அவர்கள் வெறும் கூலியாட்கள்தான்.

அம்பத்தூர் அக்கா:
நான் வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் 60 வீடு, செக்கு எண்ணெய்க்கு ஆள் இருக்கிறது, ஆனால் ஒரு மாதம் வந்து அடுத்த மாதம் வராவிட்டால் கடைக்குப் போய்விடுவோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், ஆட்டிய தேதி இரண்டும் டின்னில் இருக்கட்டும். புண்ணாக்கை மறந்துவிடாதீர்கள், ஊரில் மாடு வைத்திருப்பவர்களே வாங்கிக்கொள்வார்கள், அந்தக் காசிலேயே கரண்ட் பில்லில் ஒரு பங்கு வந்துவிடும்.

வேளச்சேரி வாசி:
எல்லாருக்கும் நன்றி. செக்கை இந்த வருடம் வாங்கவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவின் குழுவிடம் விதைக்கடன் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு சந்தேகம், இருப்பு வைக்கும் அளவுக்குக் காய் காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

செய்யாற்றுக்காரர்:
ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கருவி இல்லை என்றால் காயைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும்.