1966ல வந்த இத்தாலிய கவ்பாய் படம் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’, மோரிகோன் போட்ட பிஜிஎம்: எந்த ஆல்பத்துல கேட்டீங்க?

கல்லறை ட்ரம்பெட்
பழைய 11 ட்ராக் ஆல்பம் எனக்கு மனப்பாடம். ஃப்ரெண்டு ஒருத்தன் 2004ல வந்த 21 ட்ராக் சிடி குடுத்தான், நேரா கடைசி ட்ராக் போட்டேன், அதான் அந்த மூணு பேர் நிக்கிற கல்லறை சீன். பழசுல 5 நிமிஷத்துல முடிஞ்சிரும், இதுல முடியல, போய்ட்டே இருக்கு, 7 நிமிஷம் 14 செகண்ட். எனக்கு முடியுற இடம் தாண்டினதும் உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு, கண்ணு, கை, துப்பாக்கினு டைரக்டர் லியோனி மாத்தி மாத்தி வெட்டுறது அப்படியே கண்ணு முன்னாடி ஓடுது. இவ்ளோ வருஷம் இத ஏன் வெட்டி வச்சிருந்தாங்கன்னு இன்னும் ஆறல.

மதுர மவுத்ஆர்கன்
எனக்கு பாதர் ராமிரெஸ் ட்ராக்தான். டூக்கோ (படத்துல ‘அக்லி’) பாதிரியாரா இருக்குற அண்ணனோட சண்ட முடிஞ்சு வண்டில ஏறி, எங்கண்ணன் எனக்கு சாப்பாடு போட்டு அனுப்பினான்னு பொய் சொல்லுவான்ல, ஈஸ்ட்வுட் (ப்ளாண்டி, படத்துல ‘குட்’) எல்லாம் தெரிஞ்சும் எதுவும் கேக்காம தன் சுருட்ட நீட்டுவாரு. பழைய எல்பில, அதான் அந்த 11 ட்ராக் இசைத்தட்டுல, அந்த ட்ராக்கே கிடையாது. சிடில முதல் தடவ கேட்டப்ப பாதிலயே கண்ணு கலங்கிருச்சு.

மோனோ மாணிக்கம்
ட்ரம்பெட் தம்பி, வெட்டிட்டாங்கன்னு சொல்லாதீங்க. 1966 படத்துக்கு வந்த அந்த எல்பி தனியா உக்காந்து கேக்குறதுக்கு கோத்தது. பாடகி எட்டா டெல்லோர்சோ குரல் தங்கம் தேடுற ட்ராக்ல உச்சிக்குப் போய் நிக்கும், உடனே அடுத்தது அந்த கல்லறை ட்ராக், முடிஞ்சுது. நான் காலேஜ்ல கேட்டதும் அதான், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. புதுசா கேக்குறவங்களுக்குச் சொல்றேன், முதல்ல 11 ட்ராக்க வரிசை மாத்தாம கேளுங்க, ஷஃபிள் வேண்டவே வேண்டாம். டைட்டில் ட்ராக்ல அந்த ஒரே மெட்டு ப்ளாண்டிக்கு ஃப்ளூட், ஏஞ்சல் ஐஸ்க்கு (‘பேட்’) ஒகரினாங்கிற சின்ன ஊதுகுழல், டூக்கோவுக்கு மனுஷக் குரல்னு மாறி மாறி வரும், அத காது பிரிச்சுக் கேக்கப் பழகினப்புறம் 21க்கு போங்க. ஆன்லைன்ல கேட்டா கடைசி ட்ராக் எவ்ளோ நேரம்னு பாருங்க, 5 நிமிஷம்னா பழசு, 7னா புதுசு. ஆர்ட்டிஸ்ட் பேரையும் பாருங்க, மோரிகோன் இல்லாம வேற பேர் இருந்தா அது வேற ஆள் வாசிச்சது. எல்பி வாங்குறவங்க அட்டைய விட்டுட்டு முதல்ல தட்டுல கீறல் பாருங்க.

விசில் பாண்டி
அந்த வேற ஆள் விஷயம் எனக்கே நடந்துச்சு. எங்க மாமா கேசட்ல இருந்தது ஹ்யூகோ மான்டினீக்ரோ வெர்ஷன், 1968ல அமெரிக்கால ரெண்டாவது எடம் வர ஏறின ஹிட். எனக்கு அதான் ஒரிஜினல். அப்புறம் மோரிகோன் வெர்ஷன் கேட்டா ஓநாய் ஊளை மாதிரி அந்த குரல் பாலைவனத்துலருந்து வர்ற மாதிரி வறட்டுனு வருது, அலெஸ்ஸாண்ட்ரோனி விசில் ஒவ்வொன்னும் கத்தி மாதிரி. மாமா கிட்ட போட்டுக் காட்டினேன், முழுசா கேட்டுட்டு மறுபடி போடுடானு மட்டும் சொன்னாரு.

கல்லறை ட்ரம்பெட்
மாணிக்கம் சார், தனியா கேக்க கோத்ததுன்னா சரி, ஆனா படத்துல அந்த கடைசி ரெண்டு நிமிஷந்தான் உயிரே. அது இல்லாம நீங்க எப்படி தூங்காம கெடந்தீங்கன்னு எனக்குப் புரியல.